வாயில் தோரணம்

வாயில் தோரணம் என்பது பண்டிகை நாட்களிலும் திருமணம், புதுமனை புகுவிழா போன்ற நிகழ்வுகளிலும் வீட்டின் தலைவாயிலில் கட்டப்படும் அலங்காரம் ஆகும். தமிழ்நாட்டில் மாவிலைத் தோரணம் பரவலாகக் காணப்படுகிறது. தென்னங்குருத்தை மடித்துச் செய்யும் தோரணமும் உண்டு. ஈழத் தமிழரிடையே மங்கல, அமங்கல நிகழ்வுகளுக்குக் குருத்தோலையை வெவ்வேறு விதமாக மடிக்கும் வழக்கம் உள்ளது.

மாவிலையைக் கயிற்றின் மீது மடித்து ஈர்க்கினால் குத்தி இணைப்பர். இலைகள் பெரும்பாலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமையும். சணல் அல்லது வாழைநார் கயிறாகப் பயன்படுகிறது.

நிலைக்கு ஏற்படும் சேதம்

தோரணத்தின் எடை மிகக் குறைவு. நிலையைக் கெடுப்பது தோரணம் அன்று, அதைக் கட்டும் முறையே. ஒவ்வொரு பண்டிகைக்கும் புதிய ஆணி அடிக்கப்படும்போது நிலையின் மேற்கட்டையில் துளைகள் பெருகுகின்றன. கட்டையின் முனைக்கு அருகே அடிக்கப்படும் ஆணி மரத்தை இழையோட்டத்தின் வழியே பிளக்கக்கூடும். டானின் மிகுந்த மரங்களில் ஈரம் படும்போது இரும்பு ஆணியைச் சுற்றி நீலக்கருமை நிறக் கறை தோன்றும். செட்டிநாட்டு வீடுகளில் உள்ளவை போன்ற, கஜலட்சுமி முதலிய சிற்பங்கள் செதுக்கிய தேக்கு நிலைகளில் இச்சேதத்தைச் சீர்செய்வது கடினம்.

கயிற்றின் தொய்வு

கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவது பொதுவான தவறு. எடை சீராகப் பரவிய கயிற்றின் நடுப்பகுதி, வாயில் அகலத்தில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே தாழ்ந்திருந்தால், ஒவ்வொரு முனையையும் பக்கவாட்டில் இழுக்கும் விசை தோரணத்தின் மொத்த எடையைப்போல் சுமார் 2.5 மடங்காகும். ஐந்தில் ஒரு பங்கு தாழ்ந்திருந்தால் அது சுமார் 0.6 மடங்காகக் குறையும். ஆகவே தோரணம் வளைந்து தொங்குவது அழகுக்காக மட்டுமன்று. ஒட்டுக் கொக்கிகள் பெயர்ந்து விழாமல் இருப்பதற்கும் அதுவே வழி.

கட்டும் முறைகள்

பழைய வீடுகள் பலவற்றில் மேற்கட்டையின் இரு முனைகளிலும் நிலையான ஆணிகளோ வளையங்களோ இருக்கும். ஆண்டுதோறும் அவற்றிலேயே தோரணம் கட்டப்படும். புதிதாகப் பொருத்துவோர் முதலில் சிறு துளையிட்டு, அதில் பித்தளைத் திருகு கொக்கியைப் பொருத்தினால் மரம் பிளவுபடாது. கதவு மூடும்போது உரசாத இடமாகப் பார்த்துப் பொருத்த வேண்டும்.

வாடகை வீடுகளில் ஆணி அடிக்க உரிமையாளர்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. அங்கு வெளிப்புற இரும்புக் கிராதிக் கதவு இருப்பின் அதன் கம்பிகளிலேயே கட்டிவிடலாம். இதுவே மிக எளிய வழி. எஃகுக் கதவுகளுக்குக் காந்தக் கொக்கி பொருந்தும். ஒட்டுக் கொக்கி வழவழப்பான, தூசியற்ற பரப்பில் மட்டுமே நிற்கும். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ பூசிய சுவரில் பூச்சு பொடியாக உதிர்வதால் அது பயனற்றது. சாதாரண ஒட்டுநாடாவை வெடுக்கென்று உரித்தால் வார்னிஷும் சேர்ந்து வரும். முடி உலர்த்தியால் மிதமாகச் சூடேற்றி மெதுவாக உரிப்பது நல்லது. எஞ்சும் பசையைத் தேங்காய் எண்ணெய் இளக்கும்.

வாழை மரமும் மின்விளக்குகளும்

திருமணத்தின்போது வாயிலின் இருபுறமும் கட்டப்படும் வாழை மரம் தோரணத்தைவிடப் பன்மடங்கு எடையுள்ளது. எனவே அதை நிலைக்காலில் கட்டாமல் திண்ணைத் தூணிலோ வெளிக்கதவின் தூணிலோ கட்டுவர். வெட்டிய தண்டிலிருந்து வடியும் வாழைக்கறை மரத்திலும் துணியிலும் எளிதில் போகாது.

தொடர் மின்விளக்குகளின் கம்பியைக் கதவுக்கும் நிலைக்கும் இடையே கொண்டு சென்றால், கதவு நசுக்கி உறை கிழிந்து மின்கசிவு ஏற்படலாம். கதவு இரும்பினால் ஆனதாயின் ஆபத்து கூடுதல். கார்த்திகை விளக்கீட்டின்போது வாயிலில் அகல் ஏற்றும் வீடுகளில், காய்ந்த பழைய தோரணத்தை அதற்கு முன்னரே அகற்றிவிட வேண்டும்.