வராத புகையிரதம்

அமெரிக்கப் பொப் பாடகர் பிராங்க் சினாட்ரா 1970 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'வோட்டர்டவுன்' என்னும் பெயரில் ஓர் இசைத்தட்டினை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 54. 1939 இல் ஹரி ஜேம்ஸின் வாத்தியக் குழுவோடு பாடத் தொடங்கியவர் அவர். முப்பது ஆண்டுகளாக மேடையிலும் வானொலியிலும் திரைப்படத்திலும் அவர் குரல் ஓய்ந்ததில்லை. அவருடைய தட்டுகள் விற்பனைப் பட்டியலின் முன்னிடங்களைப் பிடிப்பது வழமையாயிருந்த காலமும் உண்டு. இத்தட்டோ 'பில்போட்' சஞ்சிகையின் பட்டியலில் 101 ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. முதலில் விற்பனையானவை ஏறத்தாழ 30,000 பிரதிகளே என்பர். ஒரு புதுமுகப் பாடகனுக்கு அது பெருந்தொகையாக இருக்கலாம்; சினாட்ராவுக்கு அது தோல்வி. அடுத்த ஆண்டிலேயே அவர் மேடையிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

அந்தத் தட்டு இன்று வேறொரு வாழ்வு வாழ்கின்றது. 1990களில் அது குறுந்தட்டாக வந்தது. 2022 இல், ஐம்பத்திரண்டு ஆண்டுகளின் பின், மூல ஒலிப்பதிவுகளிலிருந்து மீண்டும் கலவை செய்யப்பட்டு வெளிவந்தது. சினாட்ராவின் இரசிகருள் ஒரு சாரார் அவர் பாடியவற்றுள் மிக உண்மையானது இதுவே என்று வாதிடுகின்றனர். தோற்ற சரக்கொன்றினை மக்கள் தாமாகவே மீட்டெடுத்தமை எவ்வாறு? அன்று அதனைத் தோற்கடித்தது எது? கலைக்கும் சந்தைக்கும் உள்ள உறவினை ஆராயும் எவரும் இவ்வினாக்களைத் தாண்டிச் செல்ல முடியாது. அத்துடன் முற்போக்காளராகிய நமக்கு இதிற் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கின்றது. நம்மிற் பலர் இத்தட்டைக் கேளாமலே ஒதுக்கியவர்கள்.

தட்டிலுள்ள பத்துப் பாடல்களும் ஒரே கதையைச் சொல்லுகின்றன. வோட்டர்டவுன் என்பது ஒரு சிற்றூர். அமெரிக்காவில் அப்பெயருடைய ஊர்கள் பல; இது எந்த ஊர் என்று சுட்டப்படவில்லை. அங்கே ஒருவன் வாழ்கின்றான். அவனுக்குப் பெயர் கூடக் கொடுக்கப்படவில்லை. அவனுடைய மனைவி எலிசபெத் அவனையும் இரு ஆண் பிள்ளைகளையும் விட்டுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டாள். பிரிவு ஒரு தேநீர்க் கடையிலே நிகழ்கின்றது. கண்ணீர் இல்லை, கூச்சல் இல்லை, பக்கத்து மேசைக்காரனுக்குக் கூட அங்கு ஒரு குடும்பம் முறிந்தது தெரிந்திராது. அதன்பின் அவன் வேலைக்குப் போகின்றான், அயலவரோடு பேசுகின்றான், சிரிக்கின்றான். சிறிது நேரம் அவளை மறந்திருந்ததாகவும் தன்னைத் தேற்றிக்கொள்ளுகின்றான். பிள்ளைகளைப் பற்றி அவளுக்குக் கடிதம் எழுதுகின்றான். யார் யாரைப் போல வளருகின்றனர், வீட்டிலே என்ன திருத்த வேண்டியிருக்கின்றது என்பன போன்ற சில்லறைச் செய்திகள். கெஞ்சல் ஒன்றும் அதில் இல்லை. கெஞ்சாததனாலேயே அக்கடிதம் கேட்போரை வாட்டுகின்றது. இறுதிப் பாடலில் அவள் திரும்பி வருவாள் என்று நம்பி, மழையில் புகையிரத நிலையத்திலே காத்து நிற்கின்றான். புகையிரதம் வருகின்றது. அவள் வரவில்லை. அப்பொழுதுதான் மற்றோர் உண்மையும் வெளிப்படுகின்றது: அவன் எழுதிய கடிதங்கள் ஒருபோதும் அஞ்சலிற் சேர்க்கப்படவில்லை, அவை மேசை இழுப்பறையிலேயே கிடக்கின்றன.

பாடல்களுக்கு இசை அமைத்தவர் பொப் கோடியோ. நியூ ஜேர்சி மாநிலத்துத் தெருவோரங்களிலிருந்து எழுந்த 'ஃபோர் சீசன்ஸ்' குழுவின் பாடலாக்குநர் அவர். சொற்களை எழுதியவர் ஜேக் ஹோம்ஸ். இவ்விருவரும் 1969 இல் அக்குழுவுக்காக அமெரிக்க நாளாந்த வாழ்வை எள்ளி நகையாடும் தட்டொன்றைச் செய்திருந்தனர், அதுவும் விலைபோகவில்லை. (இதே ஹோம்ஸ் பிற்காலத்தில் விளம்பரப் பாட்டுகள் எழுதுபவரானார். 1980களில் அமெரிக்க இராணுவம் இளைஞரைச் சேர்ப்பதற்குப் பயன்படுத்திய பேர்பெற்ற விளம்பரப் பாட்டு அவருடையதே. ஒரு கலைஞனின் ஒரு கையை மட்டும் பார்த்து அவனை எடைபோடுதல் எத்துணைக் கடினம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.)

ஒலிப்பதிவு நடந்த முறையிலும் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. வாத்தியக்காரர் அத்தனை பேரும் சூழ்ந்திருக்க, அவர்களோடு ஒரே வேளையிற் பாடுவதே சினாட்ராவின் நெடுநாள் வழக்கம். அவருடைய தட்டுகளுள் இஃது ஒன்றே விலக்கு. 1969 யூலை மாதத்தில் நியூயோர்க் நகரில் வாத்திய இசை பதிவாயிற்று. அதன்மேல் ஹொலிவூட்டில் அவர் பின்னர் தனியே நின்று பாடினார். காதிலே ஒலிக்கருவி; எதிரே வெற்றுக் கூடம். கதையிலே தனித்துப் போன மனிதனும், அறையிலே தனித்து நின்ற பாடகரும் ஒருவரையொருவர் ஒத்துவிட்டனர். திட்டமிட்டுச் செய்தது என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் கேட்கும்போது அவ்வெறுமை தெரிகின்றது. குரலிலும் பழைய வழவழப்பு இல்லை. நீண்ட சுரங்களில் அது சற்றே தேய்ந்து ஒலிக்கின்றது. தீயணைப்புப் படையிலே பணிபுரிந்த தந்தையை அவர் இழந்ததும் அவ்வாண்டு சனவரியிலேதான்.

இது ஏன் தோற்றது? 'மை வே' என்னும் பாடலை நினைத்துப் பார்த்தால் விடை ஓரளவு கிடைக்கும். 1969 இல் சினாட்ராவின் அடையாளமாகிவிட்ட பாடல் அது. தன் வழியே வாழ்ந்து தீர்த்தேன் என்று தலை நிமிர்ந்து கூறும் வெற்றி மனிதனின் வாக்குமூலம். ஆனால் அதன் மெட்டு பிரான்சிலிருந்து வந்தது. 1967 இல் குளோட் பிரான்சுவா பாடிய மூலப்பாடலில் வெற்றியும் இல்லை, பெருமிதமும் இல்லை. அன்பு வற்றிப்போன ஒரு கணவன் மனைவியின் நாளாந்த வழக்கம் மட்டுமே அங்கு இருந்தது. ஆங்கிலச் சொற்களை எழுதிய போல் அங்கா அந்தக் குடும்பத் துயரை நீக்கிவிட்டு, அவ்விடத்திலே தனிமனிதப் பெருமையை வைத்தார். உலகம் அதை விலை கொடுத்து வாங்கிற்று. அடுத்த ஆண்டு அதே பாடகர், அங்கா துடைத்தெறிந்த அந்தச் சாதாரணக் குடும்பத்தையே மீண்டும் கொண்டுவந்து வைத்தபோது வாங்குவார் இல்லை. 'மை வே' மனிதன் வாழ்வை நடத்துபவன். வோட்டர்டவுன் மனிதனையோ வாழ்வு நடத்திச் செல்லுகின்றது. பின்னவனைப் போன்றோரே உலகிற் பெரும்பான்மையினர். முன்னவனைப் போல் ஆகலாம் என்ற கனவே சந்தையில் விற்கப்படுகின்றது.

காலமும் ஒத்துழைக்கவில்லை. சினாட்ராவே 1960 இல் தொடங்கி, 1963 இல் வோர்னர் நிறுவனத்துக்கு விற்ற 'றீப்றைஸ்' இசைத்தட்டு நிறுவனம், 1970 அளவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், நீல் யங் முதலிய ரொக் கலைஞரின் கூடாரமாயிருந்தது. வியட்நாம் போருக்கு எதிராக மாணவர் கொந்தளித்த வேளை அது; தட்டு வெளிவந்து இரு மாதங்களுக்குள், மே 4 இல், கென்ற் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த மாணவருக்குச் சினாட்ரா அப்பன்மாரின் பாடகர். அப்பன்மாருக்கோ லாஸ் வேகாஸ் மேடையிலே கறுப்பு அங்கியும் கையில் மதுக்கிண்ணமுமாகத் தோன்றும் சினாட்ராவே வேண்டியிருந்தார். கைவிடப்பட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் ஊர்ப்புறத்தான் ஒருவனை அவர்கள் கேட்கவில்லை.

இனி நமது பக்கத்துக் கணக்குக்கு வருவோம். நாம் அவரை வெறுத்தமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இத்தாலியக் குடியேறிகளின் மகனாக 1915 இல் ஹோபோக்கனிற் பிறந்த இவர், 1945 இல் இனவெறுப்பைக் கண்டிக்கும் பத்து நிமிடக் குறும்படம் ஒன்றில் நடித்துப் பாடினார். அதன் கதைவசனம் அல்பேர்ட் மோல்ட்ஸினுடையது. பாடலின் சொற்கள் ஏபெல் மீரோபோலினுடையவை. மோல்ட்ஸ் பின்னர் ஹொலிவூட் பதின்மருள் ஒருவராகச் சிறை சென்றவர். மீரோபோலோ கறுப்பின மக்களை மரத்திலே தூக்கிக் கொன்ற கொடுமையைப் பாடிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃபுரூட்' பாடலை இயற்றியவர். மரண தண்டனைக்குள்ளான ரோசன்பேர்க் தம்பதியரின் இரு பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர். அதே 1945 இல், கறுப்பின மாணவரோடு படிக்க மறுத்து வெள்ளை மாணவர் பகிஷ்கரித்த கேரி நகரத்துப் பாடசாலைக்கு நேரிற் சென்று அவர்களைக் கடிந்தவர் சினாட்ரா. 1960 இல் கறுப்புப் பட்டியலிலிருந்த மோல்ட்ஸைத் திரைக்கதை எழுத அமர்த்துவதாக வெளிப்படையாகவே அறிவித்தார். பத்திரிகைகளும் கென்னடியின் தேர்தல் வட்டாரமும் நெருக்கவே, சில வாரங்களில் அவரைக் கைவிட்டார். 1970 இல், இத்தட்டு வெளிவந்த சில மாதங்களின் பின், கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் றொனால்ட் றீகனை ஆதரித்தார். 1972 இல் நிக்ஸன். நம் கண்முன்னே ஒருவர் கரை மாறினார். நாமும் அவர் பாட்டை நிறுத்திக்கொண்டோம்.

பால்சாக் முடியாட்சியை ஆதரித்தவர். ஆயினும் தம் அரசியற் சார்பையும் மீறி, வீழ்ந்துகொண்டிருந்த தம் வர்க்கத்தின் உண்மை நிலையை எழுதினார் என்று 1888 இல் ஏங்கெல்ஸ் மார்கரெட் ஹாக்னஸுக்கு எழுதிய கடிதத்தை நாம் வகுப்புகளில் ஓயாது எடுத்துக்காட்டி வந்திருக்கிறோம். பால்சாக்குக்குக் காட்டிய நியாயத்தை ஒரு பொப் பாடகருக்குக் காட்ட நமக்கு ஏன் மனம் வரவில்லை? வெகுசன இசை என்றதும் அதனை வர்த்தகச் சரக்கு என்று ஒரே சொல்லால் தள்ளிவிடும் பழக்கமே காரணம். வர்த்தகச் சரக்குத்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வர்த்தகம் ஏற்க மறுத்த சரக்கு எது என்று பார்த்திருந்தால் அங்கே நமக்குரிய மனிதன் ஒருவன் நின்றிருப்பான்.

அவனைக் கண்டெடுத்தவர்கள் விமரிசகரல்லர், சாதாரணக் கேட்போர். 1970 சனவரி முதலாந் திகதி கலிபோர்னியாவில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது: எவர்மீதும் குற்றம் நிறுவாமலே மணவிலக்குப் பெறலாம். அமெரிக்காவில் இவ்வகைச் சட்டத்துக்கு அதுவே முன்னோடி. அதிற் கையொப்பமிட்டவர் அதே றீகன் என்பது வரலாற்றின் குறும்பு. பிற மாநிலங்களும் பின்தொடர, அப்பத்தாண்டிலே மணமுறிவுகள் பெருகின. யாரும் குற்றவாளியல்லாத பிரிவு என்பது சட்டப்புத்தகத்திலிருந்து வீடுகளுக்குள் வந்தது. இத்தட்டில் எலிசபெத் மீது வழக்கில்லை, கணவனும் கொடியவனல்லன். பாடல் எழுதப்பட்டபோது புதுமையாயிருந்த நிலை, இருபது ஆண்டுகளில் அத்தேசத்தின் பொது அநுபவமாயிற்று. தாயோ தந்தையோ இல்லாத வீட்டில் வளர்ந்த தலைமுறை இத்தட்டைக் கேட்டபோது, மேடைச் சக்கரவர்த்தியின் குரலில் தன் வீட்டுக் கதையைக் கேட்டது. மாற்றம் தட்டில் நிகழவில்லை. கேட்போரின் வாழ்விலேயே நிகழ்ந்தது.

இரசிகரின் உற்சாகம் எல்லை மீறுவதும் உண்டு. சினாட்ரா பாடியவற்றுள் இதுவே தலைசிறந்தது என்ற கூற்றை நாம் ஏற்கமாட்டோம். 1955 இலும் 1958 இலும் அவர் பாடிய தனிமைப் பாடற்றொகுதிகளில் குரலாட்சி இதனினும் உயர்ந்தது. இங்கே சில இடங்களில் வயலின்கள் தேனை அளவுக்கு மிஞ்சி ஊற்றுகின்றன. எலிசபெத்தின் பெயர் சூட்டிய பாடல் வெறும் காதற் புகழ்ச்சியாகவே நின்றுவிடுகின்றது.

அந்த எலிசபெத்தைப் பற்றி மேலும் ஒரு சொல். அவள் ஏன் போனாள்? தட்டு முழுவதிலும் அவளுக்கெனக் குரல் இல்லை. அவள் சொல்வதாக அமைந்த பாடலிலும் அவளுடைய சொற்களை அவனே நமக்குச் சொல்லுகின்றான். அவ்வாண்டு ஆகஸ்ட் 26 இல் சமத்துவங் கோரி ஆயிரக்கணக்கான பெண்கள் நியூயோர்க் வீதிகளில் ஊர்வலஞ் சென்றார்கள். அவர்களுள் ஓர் எலிசபெத் இருந்திருக்கலாம். ஒன்றும் நடவாத ஊரில், எதையும் வாய்விட்டுப் பேசாத கணவனோடு, தன் வாழ்வு முடிந்துவிட்டதென அவள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. அஞ்சலிற் சேராத கடிதங்களே அவள் தரப்புச் சாட்சியம் என்று நமக்குத் தோன்றுகின்றது. அவன் இறுதிவரை அவளிடம் பேசவே இல்லை. ஆசிரியர் இருவரும் இதனை எண்ணித்தான் வைத்தனரா என்பது வேறு. கதை தன்னை அறியாமலே அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

கடைசிப் பாடலின் புகையிரதமும் வெறும் அலங்காரமன்று. மோட்டார் வண்டிக்கும் நெடுஞ்சாலைக்கும் விமானத்துக்கும் பிரயாணிகளை இழந்து அமெரிக்கப் புகையிரத நிறுவனங்கள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. பிரயாணிகளை ஏற்றுவதில் இலாபம் இல்லை என்று கண்ட முதலாளிமார், சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்த அனுமதி கேட்டுக்கொண்டிருந்தனர். தட்டு வெளிவந்த மூன்றாம் மாதம், 1970 யூன் 21 இல், அந்நாட்டின் மிகப் பெரிய புகையிரத நிறுவனமான பென் சென்ட்ரல் வங்குரோத்தாயிற்று. 1971 மே முதலாந் திகதி 'அம்ட்ராக்' என்னும் கூட்டுத்தாபனம் பிரயாணிகள் சேவையைப் பொறுப்பேற்றபோது, அதுவரை ஓடிய புகையிரதங்களில் ஏறக்குறையப் பாதி அன்றோடு நின்றுபோயின. எத்தனையோ சிற்றூர் நிலையங்களில் முதல்நாள் மாலை வந்த வண்டியே கடைசி வண்டி. வோட்டர்டவுன் மனிதன் அடுத்த ஆண்டும் அதே மேடையிலே வந்து நின்றிருந்தால், எலிசபெத் வரவில்லை என்று அறிவதற்கும் அவனுக்கு ஒரு புகையிரதம் இருந்திராது.