தந்தையும் தாய்மாமனும்

மனித மனம் எங்கும் ஒன்றுதானா என்னும் வினா, உளவியலையும் மானிடவியலையும் ஒருமுறை எதிரெதிரே நிறுத்தியது. தந்தைமீது மகன் உள்ளூறக் கொள்ளும் பகை மனித இனத்திற்கே பொது என்றார் வியன்னாவின் சிக்மண்ட் பிராய்ட்.

1915க்கும் 1918க்கும் இடையே இருமுறை, இன்றைய பப்புவா நியூகினியைச் சேர்ந்த திரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி, அம்மக்களின் மொழி கற்று ஆராய்ந்தவர் போலந்து அறிஞர் மாலினோவ்ஸ்கி. அங்கே நிலவியது தாய்வழிச் சமூகம். தந்தை மகனுக்கு அன்புத் தோழர். கண்டிக்கும் அதிகாரமோ தாய்மாமனுடையது. ஆகவே பகையும் மாமனையே நாடியது என்று 1927இல் வெளிவந்த தம் நூலில் அவர் நிறுவ முயன்றார். பிராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் இதனை ஏற்கவில்லை. 1982இல் மெல்போர்ட் ஸ்பைரோவும் மறுத்து நூலெழுதினார்.

வாதம் எவ்வாறு முடியினும், ஒரு படிப்பினை நிலைத்தது: மனத்தை அளக்கப் புகுவோர், அது வளர்ந்த வீட்டை முதலில் அறிதல் வேண்டும்.