கலப்பு மூளைக்கட்டியின் பெயர் வரலாறு: திசு ஆய்வில் ஒலிகோஆஸ்ட்ரோசைட்டோமா (1926 – 2021)

முன்னுரை

மூளைக்கட்டியின் வகையை அறிய, அறுவையில் எடுக்கப்படும் சிறு திசுத்துண்டே நெடுங்காலம் இறுதிச் சான்றாக இருந்தது. அத்துண்டு ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டுச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காணப்படும். ஒரே கட்டியில் இருவகை உயிரணுக்களின் சாயல் தென்பட்டபோது அது ‘கலப்புக் கட்டி’ எனப்பட்டது. அவ்வாறு பெயர்பெற்ற ஒலிகோஆஸ்ட்ரோசைட்டோமா, உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில் தனி வகையாக இடம்பெறவில்லை. அப்பெயர் பெரும்பாலும் கட்டியின் இயல்பைச் சுட்டவில்லை, காண்பவரின் ஐயத்தையே சுட்டியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

சாயமும் வகைப்பாடும்

மூளையின் துணை உயிரணுக்களைப் பிரித்தறிய வழிவகுத்தவை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்களின் சாயமுறைகளாகும். சான்டியாகோ ரமோன் இ கஹால் 1913இல் உருவாக்கிய பொன்சாய முறை ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தெளிவாகக் காட்டியது. பியோ டெல் ரியோ ஒர்டேகா வெள்ளிச்சாய முறையால் வேறொரு வகையைக் கண்டு, 1921இல் அதற்கு ஒலிகோடென்ட்ரோக்ளியா எனப் பெயரிட்டார். இவ்வறிவின் அடிப்படையில் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் 1926இல் கிளையோமாக்களை வகைப்படுத்தினர். கட்டியின் உயிரணு எதை ஒத்திருக்கிறதோ அதன் வழியில் தோன்றியது என்பது அவர்தம் கொள்கை. 1929இல் பெய்லியும் பால் பியூசியும் ஒலிகோடென்ட்ரோகிளையோமாவை விரித்துரைத்தனர். ஒப்புமையே பிறப்புக்குச் சான்று எனக் கொள்ளின், இரண்டையும் ஒத்த கட்டிக்கு இரட்டைப் பெயர் தேவைப்படுவது இயல்பே.

ஐயத்தின் பெயர்

ஒலிகோடென்ட்ரோகிளையோமாவின் உயிரணு, வட்டமான உட்கருவும் அதைச் சூழ்ந்த வெளிர்வளையமுமாகப் பொரித்த முட்டையைப் போலத் தோன்றும். அவ்வளையம் உயிருள்ள திசுவில் இல்லை. ஃபார்மலினில் பதப்படும்போது உண்டாவது. உடனடியாக உறையவைத்து வெட்டிய சீவலில் அது காணப்படுவதில்லை. ஆஸ்ட்ரோசைட்டோமாவிலோ உட்கருக்கள் ஒழுங்கற்றும் பின்னணி நாரிழைகள் நிறைந்தும் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உயிரணுக்களே சிக்கலுக்குக் காரணமாயின. கலப்பு எனக் கூற ஒவ்வொரு கூறும் எத்தனை விழுக்காடு இருத்தல் வேண்டும் என்பதில் ஒருமித்த வரையறை உருவாகவில்லை. ஒரே சீவலை வெவ்வேறு வல்லுநர் வெவ்வேறு பெயரால் அழைத்தனர். எனினும் 1979ஆம் ஆண்டின் முதற்பதிப்பு முதல் 2007 வரை உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடுகளில் இப்பெயர் நிலைபெற்றிருந்தது.

மரபணுச் சான்று

1990களில், 1ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் 19ஆம் குரோமோசோமின் நெட்டைக் கையும் ஒருங்கே இழக்கப்படுவது ஒலிகோடென்ட்ரோகிளையோமாவின் அடையாளமாக அறியப்பட்டது. ஏடிஆர்எக்ஸ், டிபி53 ஆகிய மரபணு மாற்றங்கள் ஆஸ்ட்ரோசைட்டோமாவின் அடையாளமாயின. கலப்பு எனப் பெயரிடப்பட்ட கட்டிகளை 2014இல் ஃபெலிக்ஸ் சாமும் உடன் ஆய்வாளரும் இவ்வழியில் ஆராய்ந்தபோது, அவை ஏறக்குறைய அனைத்தும் இவ்விரண்டில் ஒன்றாகவே தேர்ந்தன. இரு மரபணு அமைப்பும் ஒருங்கே உள்ள கட்டிகள் மிக அரியனவாகவே பதிவாகியுள்ளன.

இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. கலப்புக் கட்டிகளையும் உள்ளடக்கிய ஆர்டிஓஜி 9402 மருத்துவ ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. குரோமோசோம் இழப்புடைய நோயாளிகளுள் கதிர்வீச்சுடன் மருந்தும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 14.7 ஆண்டுகள், கதிர்வீச்சு மட்டும் பெற்றோருக்கு 7.3 ஆண்டுகள். இழப்பு இல்லாதோரிடம் இவை முறையே 2.6, 2.7 ஆண்டுகளே. ‘கலப்பு’ என்னும் ஒற்றைச் சொல் இத்தகைய இருவேறு நோயாளிகளை ஒன்றாக்கி மறைத்திருந்தது.

எஞ்சிய கலப்புகள்

கலப்புக் கட்டிகள் யாவும் மறைந்துவிடவில்லை. நரம்பணுவும் துணை உயிரணுவும் சேர்ந்த கேங்கிளியோகிளையோமா இன்றும் தனி வகையாகவே உள்ளது. கிளையோசார்கோமாவின் இரு திசுக்கூறுகளிலும் ஒரே மரபணு மாற்றங்கள் காணப்படுவதால், அது தோற்றத்தில் இரண்டாயினும் மூலத்தில் ஒன்றே என அறியப்பட்டது.

முடிவுரை

2016ஆம் ஆண்டுத் திருத்தம் திசுத்தோற்றத்தையும் மரபணுச் சான்றையும் இணைத்துப் பெயரிடும் முறையை நிலைநாட்டியது. மரபணுச் சோதனை இயலாத இடத்தில், ஐயத்தை மறைக்காது ‘மேலும் வகைப்படுத்தப்படாதது’ என எழுதவும் அது இடமளித்தது. நுண்ணோக்கியின் பணி இதனால் முடிந்துவிடவில்லை. சோதனைக்குரிய பகுதியைத் தெரிவதும், உயிரணுப் பிரிவையும் திசு அழிவையும் கண்டு கட்டியின் தரநிலையை மதிப்பிடுவதும் இன்றும் அதனையே பெரிதும் சார்ந்துள்ளன. ஒப்புமை ஒன்றே பிறப்புக்குச் சான்றாகாது என்பதே இப்பெயர் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.