ஒட்டினால் போதுமா?



போன மாதம் சென்னையிலிருந்து என் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். சின்ன மென்பொருள் கம்பெனி ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்குக் கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, தூங்கலையா?"

"பேட்ச் போட்டுக்கிட்டிருக்கேன் தாத்தா."

முக்கால் மணி கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்போதும் அங்கேயே இருந்தான்.

"இன்னுமா போடல?"

"போட்டாச்சு தாத்தா. இனிமேதான் வேலையே. ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு பார்க்கணும்."

எனக்கு எங்கள் தெரு சைக்கிள் கடை ஞாபகம் வந்தது. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பஞ்சருக்கு ஒட்டும் ரப்பர் துண்டுக்கு பிரெஞ்சில் 'ருஸ்தீன்' என்று பெயர். லூயி ருஸ்தேன் என்பவர் அதைச் செய்து விற்றதால் அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. இன்றும் பிரான்சில் கம்ப்யூட்டர்காரர்கள் சிலர் மென்பொருள் பேட்ச்சையும் ருஸ்தீன் என்று சொல்வதுண்டு. அரசாங்கத் தாள்களில் 'கொரெக்தீஃப்', அதாவது திருத்தம், என்று மரியாதையாக எழுதுவார்கள். எனக்கு ருஸ்தீன்தான் பிடிக்கும். சைக்கிள் கடைக்காரர் டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, துண்டை ஒட்டியதோடு விடமாட்டார். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, டியூப் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். குமிழி வராவிட்டால்தான் காசு வாங்குவார்.

ஒட்டுவது ஒரு வேலை, முக்கிப் பார்ப்பது இன்னொரு வேலை. மென்பொருளில் இந்த இரண்டும் எப்படி வளர்ந்தன என்று பேரனிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பேட்ச் என்ற பெயர் உவமை இல்லை. ஆதியில் அது நிஜமாகவே ஒட்டுதான். 1944இல் வேலைக்கு வந்த ஹார்வர்டு மார்க் 1 கணிப்பொறிக்குக் கட்டளைகளைத் துளையிட்ட காகித நாடாவில் கொடுத்தார்கள். தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால் அதன் மேல் காகிதத் துண்டை ஒட்டி மூடினார்கள். அப்படி ஒட்டுப் போட்ட நாடா ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் இருக்கிறது. நாடா போய், கட்டளைகள் எழுத்துக் கோப்புகளாக மாறிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் 'டிஃப்' என்ற நிரலை உருவாக்கினார்கள். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் வைத்து, எந்த வரி போயிற்று, எந்த வரி வந்தது என்று பட்டியல் போடும். 1985 மே மாதத்தில் லாரி வால் என்ற அமெரிக்கர் அதற்கு மறுபக்கத்தைச் செய்தார். அந்தப் பட்டியலை மட்டும் அனுப்பினால், வாங்குகிறவரின் கோப்பில் அதுவே இடம் தேடித் திருத்தத்தைப் போட்டுவிடும். நிரலின் பெயரே 'பேட்ச்'. முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டிய அவசியம் போயிற்று.

அந்த நிரலில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. திருத்தத்தைப் போடுமுன் சுற்றியுள்ள வரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தவில்லை என்றால் வலுக்கட்டாயமாகச் செருகாது. போட முடியாதவற்றைத் தனிக் கோப்பில் எழுதி வைத்துவிடும். நல்ல குமாஸ்தா அப்படித்தான் செய்வான்.

பிறகு நிரலாளர்கள் கூடி எழுதும் நிரல்களுக்குப் பொதுவான பெட்டகம் தேவைப்பட்டது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் சர்வர்கள் வந்தன. நம் அலுவலகக் கோப்பின் குறிப்புப் பக்கம் மாதிரிதான். அந்தச் சர்வருக்குள் கெட்டவன் புகுந்தால் அங்கிருந்து வெளியே போகும் எல்லாவற்றிலும் கை வைக்கலாம்.

2003 நவம்பரில் லினக்ஸ் கெர்னலுக்கு அப்படி ஒன்று நடந்தது. மூலப் பெட்டகம் ஒரு முறையில் இருந்தது. அது வேண்டாம் என்பவர்களுக்காக சிவிஎஸ் என்ற வேறு முறையில் ஒரு நகல் வைத்திருந்தார்கள். அந்த நகல் சர்வரில் யாரோ புகுந்து இரண்டே வரி சேர்த்தார்கள். பார்வைக்கு, பயனர் எண் பூஜ்யமா என்று கேட்கும் வரி. அந்த மொழியில் சமமா என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டும். அவர்கள் ஒன்றுதான் போட்டிருந்தார்கள். ஒன்று போட்டால் கேள்வி கட்டளையாகிவிடும்: 'பயனர் எண்ணைப் பூஜ்யமாக்கு'. பூஜ்யம் என்றால் மெஷினின் முழு அதிகாரி! நகலை மூலத்தோடு ஒப்பிடும் தானியங்கிச் சோதனை இருந்ததால் பிடிபட்டது. மூலத்தில் அந்த மாற்றத்துக்குப் பதிவே இல்லை. வெளியிட்ட எந்தப் பதிப்பிலும் அது ஏறவில்லை. அங்கே முக்கிப் பார்க்க ஆள் இருந்தது.

இல்லாத இடத்தின் கதையும் உண்டு. 2011இல் உக்ரைனில் திமித்ரி சபரோஷெத்ஸ் என்ற இளைஞர் 'கிட்லேப்' என்ற பெட்டக மென்பொருளைத் தொடங்கினார். எந்தக் கம்பெனியும் அதைத் தன் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். நம் சரக்கு நம் வீட்டிலேயே இருக்கும். ஆனால் வீடு சொந்தம் என்றால் ஓட்டு மாற்றுவதும் நம் பாடுதான். என் பேரன் பார்த்துக்கொள்வதும் இதைத்தான்.

கிட்லேப்பில் படம் ஏற்றினால், படத்துக்குள் மறைந்திருக்கும் விவரங்களை நீக்க 'எக்ஸிஃப்டூல்' என்ற கருவியிடம் அனுப்பும். அது பெர்ல் மொழியில் எழுதியது. பெர்லை உருவாக்கியவரும் நம் லாரி வால்தான்! அந்தக் கருவியில் ஓர் ஓட்டை. 'டேஜாவூ' என்ற வகைக் கோப்பில் குறும்பாக எழுதிய குறிப்பை, படிப்பதற்குப் பதிலாகக் கட்டளையாகவே எடுத்து ஓட்டிவிடும். டேஜாவூ என்றால் பிரெஞ்சில் 'ஏற்கெனவே பார்த்தது' என்று பொருள். உருவாக்கியவர்களில் யான் லெகுன், லெயோன் போத்து என்ற பிரெஞ்சுக்காரர்கள் உண்டு. கோப்பின் பெயரைச் சாதாரணப் படம்போல் மாற்றி வைத்தாலும், கருவி உள்ளே பார்த்து டேஜாவூ என்று கண்டுகொள்ளும். ஆக, ஒரு படத்தை ஏற்றினால் சர்வரில் நம் கட்டளை ஓடும்.

2021 ஏப்ரல் 14 அன்று கிட்லேப் இதற்குப் பேட்ச் வெளியிட்டது. உள்ளே கணக்கு வைத்திருப்பவர்தான் இதைச் செய்ய முடியும் என்று முதலில் நினைத்தார்கள். கணக்கே வேண்டாம், வாசலில் நின்றே செய்யலாம் என்று பிறகு தெரிந்தது. செப்டம்பரில் அபாய மதிப்பெண்ணை 10க்கு 10 ஆக உயர்த்தினார்கள். நவம்பர் 1 அன்று ரேபிட்செவன் என்ற பாதுகாப்பு நிறுவனம் கணக்கெடுத்துச் சொன்னது: இணையத்தில் தெரியும் சுமார் 60,000 கிட்லேப் சர்வர்களில் முழுதாகப் பேட்ச் போட்டவை 21 சதவீதம், போடாதவை 50 சதவீதம், மீதிக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மருந்து வந்து ஆறரை மாதம் கழிந்த நிலை இது! அதே வாரத்தில் கூகுளின் பொறியாளர் ஒருவர், இப்படிப் பிடிபட்ட ஆயிரக்கணக்கான கிட்லேப் சர்வர்களைச் சேர்த்து வினாடிக்கு 1 டெராபிட்டுக்கு மேல் வெள்ளம்போல் தகவலைக் கொட்டித் தாக்குகிறார்கள் என்று தெரிவித்தார்.

இன்னொன்று. தாமதமாகப் பேட்ச் போட்டவர்களுக்கும் நிம்மதி இல்லை. அதற்குள் புகுந்தவர்கள் தங்களுக்கென்று நிர்வாகி கணக்குகளை உருவாக்கி வைத்திருந்தார்கள். கதவை இப்போது பூட்டினாலும் திருடன் கட்டிலுக்கு அடியில் இருப்பான்.

அதனால் பேரன் சோதிக்கும் முறையைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். முதலில், வந்த பொதி உண்மையாகவே அந்தக் கம்பெனி அனுப்பியதா என்று டிஜிட்டல் கையெழுத்தைப் பார்க்க வேண்டும். பிறகு காப்பு நகல் எடுக்க வேண்டும். கிட்லேப்பில் ரகசியச் சாவிகள் இருக்கும் கோப்பு அந்த நகலில் சேராது. அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். ரொம்பப் பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவலில் வர முடியாது. நடுவில் சொல்லியிருக்கும் பதிப்புகளில் நின்று நின்றுதான் வர வேண்டும். போட்ட பிறகு, ஓடிக்கொண்டிருப்பது எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். வட்டில் புதியது இருந்தும் நினைவகத்தில் பழையதே ஓடலாம். கிட்லேப்போடு வரும் பரிசோதனைக் கட்டளையை ஓட்டி, உள்ளே நுழைந்து ஒரு சின்ன மாற்றத்தைச் சேமித்துப் பார்க்க வேண்டும். கடைசியில் நிர்வாகிகள் பட்டியலில் தெரியாத பெயர் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

காப்பு நகலையும் முக்கிப் பார்க்கத்தான் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே ஓர் ஊழியர் தவறான சர்வரில் தரவுகளை அழித்துவிட்டார். தினசரி நகலைத் தேடினால், பதிப்புப் பொருத்தம் இல்லாமல் அது எடுக்கப்படவே இல்லை. 'எடுக்க முடியவில்லை' என்ற எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. இதை அவர்கள் மறைக்காமல் உலகத்துக்கே எழுதி வைத்தது பெரிய விஷயம்.

அப்படி எழுதி வைக்கும் தைரியம் எனக்கு இத்தனை வருடம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் ஜூனியராக இருந்த ஓர் அலுவலகத்தில் விதிப் புத்தகங்களுக்கு கரெக்‌ஷன் ஸ்லிப் ஒட்டுவது என் வேலை. திருத்தம் அச்சடித்து வரும். கத்தரித்துப் பசை தடவி அந்தந்தப் பத்தியின் மேல் ஒட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எங்களிடம் மூன்று பிரதிகள். ஒருநாள் வந்த ஸ்லிப்பை இரண்டில் ஒட்டினேன். மூன்றாவது வேறு பிரிவுக்குப் போயிருந்தது. வந்ததும் ஒட்டிக்கொள்ளலாம் என்று பதிவேட்டில் 'மூன்று பிரதிகளிலும் ஒட்டப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மறந்தே போனேன். மேலதிகாரி பதிவேட்டைப் பார்த்தார், ஒப்பமிட்டார். புத்தகத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இறந்துபோன காவலாளி ஒருவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியக் கணக்கு அந்த மூன்றாவது பிரதியைப் பார்த்துத்தான் போட்டார்கள். குறைந்த தொகை. பதினோரு மாதம் கழித்துத் தெரிந்தது. நிலுவையைக் கொடுத்தோம். வாங்க வந்த அந்த அம்மாவின் காதில் ஈர்க்குச்சி இருந்தது. தோடு அடகுக் கடையில் இருப்பதாகச் சொன்னார். என்னால்தான் என்று அவருக்குத் தெரியாது. "ரொம்ப நன்றி சார்" என்று எனக்குக் கைகூப்பிவிட்டுப் போனார்.

இதை அன்று ராத்திரி பேரனிடம் சொன்னேன். ஒட்டியவனே சரி பார்த்தால், ஒட்டியதாக நினைப்பதைத்தான் பார்ப்பான், அதனால் காலையில் வேறு ஒருவரையும் பார்க்கச் சொல் என்றேன். "சரி தாத்தா" என்று தலையை ஆட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் படுக்கப் போய்விட்டேன்.

காலையில் காபி குடிக்கும்போது சொன்னான். அவர்களுக்கு இரண்டு மெஷின். இரண்டிலும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்றுதான் செய்தி வந்ததாம். பதிப்பைக் கேட்டுப் பார்த்தபோது இரண்டாவது மெஷினில் பழையதே ஓடிக்கொண்டிருந்ததாம். நிறுத்தி மறுபடி கிளப்பிவிட்டு, ஒன்றரை மணிக்குத்தான் படுத்தானாம்.