ஒரு காசு ஏடும் ஒரு வெள்ளி நன்கொடையும்

சிங்கப்பூர்த் தமிழரின் சிந்தனை வரலாற்றை எழுதுவோர் தலைவர்களின் பெயர்களை வரிசைப்படுத்துவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். வாசகர் கையிலிருந்து சென்ற காசுக்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு.

1935 ஜூலை 6ஆம் நாள் வெளிவந்த தமிழ் முரசு ஒரு காசுக்கு விற்கப்பட்டது. அதனைத் தொடங்கியது தமிழர் சீர்திருத்தச் சங்கம், வளர்த்தவர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் 1903இல் பிறந்த அவர், 1924இல் இங்கு வந்தார். 1929இன் இறுதியில் பெரியார் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மேற்கொண்ட பயணம் சீர்திருத்த எண்ணத்திற்கு ஊக்கம் தந்திருந்தது. சாதி வேற்றுமையையும் மதுப்பழக்கத்தையும் கண்டிக்கும் பேச்சு மேடையோடு நின்றிருந்தால், கூட்டம் கலைந்ததும் அதுவும் கலைந்திருக்கும். மலிவான அச்சுத்தாள் அதனைத் தஞ்சோங் பகார்த் துறைமுகத் தொழிலாளிக்கும் சிராங்கூன் சாலைக் கடைக்காரருக்கும் எட்டும் தொலைவில் வைத்தது.

ஆயினும் சீர்திருத்தம் பிளவையும் உண்டாக்கக் கூடியது. சடங்குகளைக் குறைகூறும் குரல் பக்தர் பலருக்கு உவப்பாக இருந்திராது. சமய வேறுபாடு கடந்து அனைவரும் கூடுவதற்கென 1952 பொங்கலன்று தமிழர் திருநாளைச் சாரங்கபாணி தொடங்கியதை, அவருடைய கண்டனக் கட்டுரைகளைவிடப் பெரிய செயலாக நான் கருதுகிறேன். அதே காலத்தில் முரசின் மாணவர் மணிமன்றப் பகுதி இளையோரை எழுத வைத்தது. பிற்கால எழுத்தாளரும் ஆசிரியரும் பலர் அங்கே முதலடி வைத்தனர்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இந்திய இயல் துறை அமைக்க முனைந்தபோது, சமஸ்கிருதத்திற்கே முதன்மை வேண்டும் என்னும் கருத்து எழுந்தது. இங்கு வாழும் இந்தியருள் பெரும்பாலோர் தமிழர். அவர்தம் மொழியை விடுத்து அத்துறை யாருக்காக? முரசு இவ்வினாவை ஓயாது எழுப்பியது. வாதத்தோடு அமையாமல், “தமிழ் எங்கள் உயிர்” என்னும் பெயரில் நிதி திரட்டியது. ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்கப்பட்டது. பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாத உழைப்பாளிகள், நூலகத்தில் தமிழ் நூல்கள் சேர்வதற்காகத் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். உயர்கல்வியில் எம்மொழி இருக்கவேண்டும் என்பதில் தமக்கும் கருத்துண்டு என்று அவர்கள் காட்டிய முறை அது.

தமிழுக்கு இடம் கிடைத்தது. 1956இல் துறை தொடங்கியது. சில ஆண்டுகளில் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. 2006இல் சிம் பல்கலைக்கழகம் தமிழ்ப் பட்டப்படிப்பைத் தொடங்குவதற்கு முன்பு, தமிழில் பட்டம் பெற விரும்பிய சிங்கப்பூரர் பலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையே நாட வேண்டியிருந்தது.