மூலன் உடலில் வந்த யோகி

யோகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது உடலை வளைக்கும் பயிற்சியே. அதைக் கற்கலாமா என்று பங்குத்தந்தையரிடம் தயங்கித் தயங்கிக் கேட்போரும் உளர். காவிரிக்கரை மரபு அதனை எவ்வாறு கண்டது என்பதை முதலில் அறிதல் நன்று.

பழைய தஞ்சை மாவட்டத்துத் திருவாவடுதுறைக்கு அருகே உள்ளது சாத்தனூர். அங்கே மூலன் என்னும் ஆயன் இறந்து கிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறின என்கிறது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம். அகத்தியரைக் காண அவ்வழியே வந்த யோகியார் அவற்றின் துயர் பொறாது, தம் உடலை மறைத்து வைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்தார்; மாலையில் பசுக்களை வீடு சேர்த்தார். திரும்பி வந்து தேடியபோது தம் உடலைக் காணவில்லை. ஆயனின் உடலோடே அரசமரத்தடியில் யோகத்தில் அமர்ந்து அவர் பாடியதே திருமந்திரம் என்பர். இதனை வரலாறாக நிறுவ இயலாது. ஆயினும் யோக நூலொன்றின் தோற்றத்தை இரக்கத்தில் வைத்த மக்களின் உள்ளம் இதில் தெரிகிறதன்றோ?

அந்நூலின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்புடைய யோகத்தைக் கூறுகிறது. முதல் உறுப்பு இயமம்: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலியன. ஆசனமோ மூன்றாம் இடத்தில்தான். இன்றைய வகுப்புகள் பெரும்பாலும் மூன்றாம் படியிலிருந்தே ஏறத் தொடங்குகின்றன!

இதே காவிரியின் தென்கரையூரான குளித்தலைக்கு அருகே, தண்ணீர்ப்பள்ளியில், மொன்ஷானென், லெ சோ என்னும் பிரெஞ்சுக் குருக்கள் இருவர் 1950இல் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். 1968இல் வந்த பீட் கிரிஃபித்ஸ் அடிகளார் 1993இல் அங்கேயே இறந்தார். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989இல் விடுத்த மடல், பிற சமயங்களின் மெய்யான தியான முறைகள் செபத்திற்குத் துணையாகலாம் என ஏற்றது. உடலில் தோன்றும் இதத்தைத் தூய ஆவியின் ஆறுதல் என மயங்கலாகாது என்றும் எச்சரித்தது.