பழைய படகும் புதிய எஞ்சினும்

பழைய படகில் எஞ்சினை மாற்றுவதும் வண்டியில் மாட்டை மாற்றிப் பூட்டுவதும் ஒன்றாகா. நீர்ச்சறுக்கு விளையாட்டுக்கான விரைவுப் படகுகளை வைத்திருப்போர் இதை நன்கு அறிவர். தேய்ந்துபோன கனத்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, எடை குறைந்ததும் ஆற்றல் மிகுந்ததுமான ஒன்றைப் பொருத்துவார்கள். வேகம் கூடும் என்பது கணக்கு. நீரில் இறக்கினால் படகின் மூக்கு தாழ்ந்து நீரை உழும். அல்லது மூக்கை உயர்த்திக்கொண்டு துள்ளும். துறையில் கட்டியிருக்கும்போது எஞ்சின் வெறும் சுமைதான். படகு நீரின் மேற்பரப்பில் வழுக்கி ஓடத் தொடங்கியபின், அந்தச் சுமை எங்கே இருக்கிறது, எவ்வளவு கனக்கிறது, எந்த உயரத்திலிருந்து தள்ளுகிறது என்பவை படகின் சமநிலையையே தீர்மானிக்கத் தொடங்கிவிடுகின்றன.

இதற்கு வரலாற்றில் நாம் கண்ட மிகக் கொடிய சான்று, இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில் 1967ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் காலையில் நிகழ்ந்தது. படகின் பெயர் ப்ளூபேர்ட் கே 7. ஓட்டியவர் டொனால்ட் காம்ப்பெல். அந்த விபத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய துணிச்சலையோ அவசரத்தையோதான் எழுதுகின்றனர். நமக்கோ, அதற்கு முன் படகின் வயிற்றுக்குள் நடந்த மாற்றமே முதன்மையாகப் படுகிறது.

கதையைத் தந்தையிடமிருந்து தொடங்கவேண்டும். மால்கம் காம்ப்பெல் தரையிலும் நீரிலும் வேகச் சாதனைகளை நிகழ்த்தியவர். 1939 ஆகஸ்டில் இதே கானிஸ்டன் ஏரியில், ப்ளூபேர்ட் கே 4 என்னும் படகில் மணிக்கு 141.74 மைல் வேகத்தை எட்டினார். அப்படகில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் ஆர் வகை எஞ்சின். விமானப் பந்தயத்துக்கென உருவாக்கப்பட்டு, அவருடைய தரைவாகனத்துக்கும் உதவிய அதே வகை. போர் முடிந்தது. ஜெட் என்ற புதிய விந்தை வந்தது. மால்கமுக்கு ஆசை விடவில்லை. 1947இல் ரோல்ஸ் ராய்ஸைக் கழற்றிவிட்டு, டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் காப்ளின் ஜெட் எஞ்சினை அதே படகில் ஏற்றினார். படகு நேர்கோட்டில் ஓட மறுத்தது, துள்ளியது, திசை தடுமாறியது. சாதனை எதுவும் நிகழாமலே 1948 டிசம்பர் 31 அன்று அவர் காலமானார்.

மகன் டொனால்ட் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? ஜெட்டை இறக்கிவிட்டுப் பழைய ரோல்ஸ் ராய்ஸை மீண்டும் ஏற்றியதுதான். தந்தையின் தவறு அவருக்குப் புரிந்திருந்தது என்றே கொள்ளலாம். அதற்குள் 1950 ஜூனில் அமெரிக்கரான ஸ்டான்லி சேயர்ஸ், சியாட்டில் நகரின் வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160 மைலைத் தாண்டி, தந்தையின் சாதனையை முறியடித்துவிட்டார். கே 4 அந்த வேகத்தைத் துரத்தியது. 1951இல் 170 மைலை நெருங்கி ஓடும்போது கானிஸ்டனில் உடைந்து மூழ்கியது. அடுத்த ஆண்டு, 1952 செப்டம்பர் 29 அன்று, ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் ஜெட் படகு ஓட்டிய ஜான் காப் படகு சிதறி உயிரிழந்தார். இவ்வளவையும் பார்த்தபிறகும் டொனால்ட் புதிய படகு கட்ட முனைந்தார்.

இம்முறை பழைய உடலில் புதிய எஞ்சினைத் திணிக்கவில்லை. கென் நாரிஸ், லூ நாரிஸ் என்னும் உடன்பிறந்த பொறியாளர் இருவர், ஜெட் எஞ்சினை மனத்தில் வைத்தே படகை வரைந்தனர். முன்புறம் இருபக்கமும் கைநீட்டியதுபோல் இரண்டு மிதவைகள். பின்புறம் ஓர் அடித்தளம். வேகம் கூடும்போது இந்த மூன்று இடங்கள் மட்டுமே நீரைத் தொடும். உள்ளே மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் நிறுவனத்தின் பெரில் எஞ்சின், ஏறத்தாழ 3,500 ராத்தல் உந்துவிசையோடு. எஞ்சினும் உடலும் ஒன்றையொன்று அறிந்து பிறந்தவை.

பெரில் என்ற பெயரைக் கண்டதும் தமிழாசிரியனின் மனம் சற்று வழிதவறுகிறது; வாசகர் பொறுத்தருள்க. அது ஒரு மணிக்கல்லின் பெயர். கிரேக்கம் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்ற அச்சொல்லின் மூலத்தைப் பிராகிருதத்தின் வேருலிய, பாலியின் வேளுரிய என்னும் சொற்களில் காண்பர்; அவற்றையும் தென்னாட்டு ஊர்ப்பெயரோடு இணைத்துப் பார்ப்போர் உண்டு. கொங்குநாட்டில் காங்கேயத்துக்கு அருகே படியூரில் அந்தக் கல் வெட்டியெடுக்கப்பட்டது. நம் மண்ணோடு உறவுடைய ஒரு சொல், வட இங்கிலாந்தின் ஏரிகளில் ஒன்பதாண்டு இரைந்துகொண்டிருந்தது என்று எண்ணுவதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

அந்த ஒன்பதாண்டுகளில் கே 7 ஏழு முறை உலகச் சாதனை படைத்தது. 1955 ஜூலையில் அல்ஸ்வாட்டர் ஏரியில் 202 மைல். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மீட் ஏரியில் 216. பிறகு கானிஸ்டனில் 1956 முதல் 1959 வரை ஆண்டுக்கு ஒன்றாக நான்கு. கடைசியாக 1964 டிசம்பர் 31 அன்று, அந்த ஆண்டு முடிய ஒருசில மணிநேரமே இருக்கையில், மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் 276.33 மைல். அதே ஆண்டு ஜூலையில் தரைச் சாதனையையும் அவர் நிகழ்த்தியிருந்தார். ஒரே ஆண்டில் இரண்டையும் முடித்தவர் அவர் ஒருவரே.

அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் அவருடைய அடுத்த கனவு ஒலியை விஞ்சும் ராக்கெட் வாகனம். அதற்குப் பணம் தேவை; பணம் வர விளம்பரம் தேவை; விளம்பரத்துக்கு நீரில் 300 மைல் என்ற எண் தேவை. புதுப்படகு கட்டப் பொருள் இல்லை. எனவே பன்னிரண்டு வயதை எட்டிய கே 7இல் புதிய எஞ்சின் ஏறியது.

அது பிரிஸ்டல் நிறுவனத்தின் ஆர்ஃபியஸ்; ஃபாலண்ட் நாட் என்னும் சிறு போர்விமானத்தில் பயன்பட்ட எஞ்சின். நாட் என்றால் நம்மவர்க்கு அந்நியமில்லை. 1965 போரில் இந்திய விமானப்படை பெயர்பெற்றது அந்த விமானத்தால். விமானமும் எஞ்சினும் பெங்களூரின் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் உருவாயின. காம்ப்பெல்லுக்குக் கிடைத்தது ஒரு நாட் விமானத்திலிருந்து எடுத்தது. படகின் பின்னே நிமிர்ந்து நின்ற வால்துடுப்பும் நாட்டினுடையதே. உந்துவிசை 4,500 ராத்தல். எடையோ பெரிலைவிடக் குறைவு. காகிதத்தில் இதைவிட நல்ல பேரம் வேறென்ன இருக்கமுடியும்?

1966 நவம்பர் முதல் வாரத்தில் படகு கானிஸ்டனுக்கு வந்தது. வந்த நாளிலிருந்தே அது புதிய எஞ்சினோடு பிணங்கியது. பெரிலுக்கு என அமைத்த காற்று நுழைவாய்கள் ஆர்ஃபியஸ் இழுத்த இழுப்பைத் தாங்காமல் உள்ளே நொறுங்கின. உடைந்த துணுக்குகள் எஞ்சினுக்குள் புகுந்து அதைப் பாழாக்கின. வேறோர் ஆர்ஃபியஸ் கொண்டுவந்து பொருத்தினர். எஞ்சின் இலேசானதால் படகின் எடைமையம் முன்னோக்கி நகர்ந்துவிட்டிருந்தது. மூக்கு நீரை விட்டு எழவே மறுத்தது. எடை குறைக்க வந்த எஞ்சினுக்கு ஈடாகப் பின்புறம் பாரம் ஏற்றவேண்டிய விந்தை நேர்ந்தது. அடுத்து எரிபொருள் போதிய அளவு செல்லாமல் முழு ஆற்றல் கிட்டவில்லை. டிசம்பர் நடுவில் 250 மைலைத் தாண்டினர். தம் பழைய சாதனையைக்கூடத் தொட முடியவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் தலைமைப் பொறியாளராயிருந்த லியோ வில்லா, 1947இன் காப்ளின் தடுமாற்றத்தையும் கண்ணால் கண்டவர். அந்தக் குளிர்காலக் கரையில் அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

குறைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஏரி அமைதியான ஒரு காலையும் வந்தது. விதிப்படி, அளந்து வைத்த ஒரு கிலோமீட்டரில் எதிரெதிர்த் திசைகளில் ஒருமணி நேரத்துக்குள் இருமுறை ஓடி, சராசரி காண வேண்டும். முதல் ஓட்டம் 297.6 மைல். நீர் அடங்கும்வரை காத்திருக்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் அவர் உடனே திரும்பினார். முன்பும் பலமுறை இப்படித் திரும்பியவர்தான். வேகம் 328 மைலை எட்டியது. படகின் முன்புறம் எழுந்தது. முழுதாக நீரை விட்டுப் பறந்து, பின்பக்கமாகக் கரணமடித்து, ஏரியில் மோதிச் சிதறியது. அவர் எப்போதும் உடன்வைத்திருந்த கரடிப் பொம்மை மிதந்து வந்தது. அவர் கிடைக்கவில்லை.

காரணங்களைப் பலர் பலவாறு ஆய்ந்தனர். முதல் ஓட்டத்தின் அலைமிச்சம் என்பர். எரிபொருள் குறைந்து படகு மேலும் இலேசானது என்பர். இறுதிக் கணத்தில் எஞ்சின் அணைந்தது என்பாரும் உளர். அவர்கள் விளக்கம் கருதத்தக்கது: எஞ்சினின் உந்துவிசை படகின் மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது, அது நின்றதும் மூக்கைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. எது உண்மையாயினும், 200 மைலைத் தாண்டுவதற்கென 1950களின் நடுவில் வரைந்த உடல்தான் 328 மைலில் ஓடியது என்பதை எவரும் மறுக்கமுடியாது. நம் தீர்ப்பு அவருடைய அவசரத்தைவிட இதன்மேல்தான் கூடுதலாக விழுகிறது.

தமிழில் எஞ்சினைப் பொறி என்கிறோம். அதே சொல் எலிபிடிக்கும் கண்ணியையும் குறிக்கும். கிரேக்கப் புராணத்து ஆர்ஃபியஸ், பாதாளத்திலிருந்து மனைவியை மீட்டு வரும் வழியில், காத்திருக்க முடியாமல் திரும்பிப் பார்த்து அவளை இழந்தவன். எஞ்சினுக்கு அப்பெயரிட்டவர்கள் இதையெல்லாம் எண்ணியிருக்கமாட்டார்கள்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் ஏரியின் அடியில் கிடந்த படகை, பில் ஸ்மித் என்னும் முக்குளிப்பாளரின் குழு 2001 மார்ச் 8 அன்று வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் காம்ப்பெல்லின் உடலும் கிடைத்தது. செப்டம்பர் 12 அன்று கானிஸ்டன் ஊரில் அடக்கம் செய்தனர். சிதைந்த படகை அப்படியே காப்பதா, மீண்டும் ஓடும்படி புதுக்குவதா என்ற விவாதம் நீண்டது. புதுக்குவோர் பக்கமே வென்றது. 2018 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பியூட் தீவில் ஃபாட் ஏரியில் கே 7 மறுபடியும் நீரில் எழுந்து, மணிக்கு சுமார் 150 மைல் வரை ஓடியது. படகு யாருக்கு என்ற வழக்குப் பேச்சுகளும் முடிந்து, 2024 மார்ச்சில் அது கானிஸ்டனின் ரஸ்கின் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. பியூட் தீவில் அது ஓடியபோது உள்ளே இருந்தது இன்னுமோர் ஆர்ஃபியஸ்.